ஒரு மரம்தானே!

“கெர்னிகாவில் பார்க்க என்ன இருக்கிறது? ஒரு மரம்தானே! விட்டுவிடலாம்.”

இந்த ஒரு வரிதான் இக்கட்டுரை பிறக்கக் காரணம். இதைச் சொன்னவர் வேறு யாரும் அல்லர், நானேதான். சொன்னதோடு நில்லாமல் தாளிலும் எழுதினேன். அந்த வரியை நான் ஏன் அடித்துவிட்டேன் என்பதை என்னோடு பயிலும் மாணவ நண்பர்களுக்கும் எங்கள் பேராசிரியப் பெருமக்களுக்கும் எடுத்துரைக்கவே இதனை எழுதுகிறேன்.

வரலாற்றுத் துறை மாணவர்களாகிய எங்களுக்குச் சுற்றுலாவியல் ஒரு விருப்பப் பாடம். சென்ற பருவத்தில் எங்கள் பேராசிரியர் உலகக் கடற்கரைகள் சிலவற்றின் பெயர்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் குலுக்கினார். “குழுவுக்கு ஒரு சீட்டு எடுங்கள். அந்தக் கடற்கரையில் வழிகாட்டியுடன் கூடிய ஒரு நாள் பயணத்தை வகுத்துக் கொண்டு வாருங்கள். காலை எட்டு மணிக்குப் புறப்பட்டு இரவு எட்டு மணிக்குத் திரும்பிவிட வேண்டும். எதைக் காட்டுவீர்கள், எதை விடுவீர்கள், ஏன்? அவ்வளவுதான் கேள்வி” என்றார். நால்வர் அடங்கிய எங்கள் குழுவின் கைக்கு வந்தது பாஸ்க் கடற்கரை.

ஸ்பெயின் நாட்டின் வடக்கும் பிரான்சு நாட்டின் தென்மேற்கும் கூடும் மூலையில், பிரெனீஸ் மலைத்தொடர் கடலைத் தொடும் இடத்தில், பாஸ்க் மக்களின் தாயகம் இருக்கிறது. அதன் கரையை மோதுவது பிஸ்கே விரிகுடா. எங்களில் ஒருவரும் அந்த மண்ணை மிதித்தவர் அல்லர். வரைபடமும் நூல்களும் கணிப்பொறித் திரையில் கண்ட படங்களுமே எங்களுக்குத் துணை. ஆனால் அந்தப் படங்களைப் பார்த்தபோது, பன்னிரண்டு மணி நேரம் எப்படிப் போதும் என்ற கவலைதான் முதலில் எழுந்தது. அத்துணை அழகு!

பில்பாவோ நகரிலிருந்து புறப்பட்டால் முதலில் வருவது கஸ்தெலுகாச்சே. கடலுக்குள் நிற்கும் பாறைத் தீவு அது. கரையையும் தீவையும் ஒரு கல்பாலம் இணைக்கிறது. பாலத்தைக் கடந்து 241 படிகள் ஏறினால் உச்சியில் திருமுழுக்கு யோவானின் சிறு கோயில். ஏறியவர்கள் அங்குள்ள மணியை மூன்று முறை அடித்து வேண்டிக்கொள்வது வழக்கம். அடுத்து பெர்மியோ என்னும் மீன்பிடித் துறைமுகம். பிறகு அலைச்சறுக்கு வீரர்கள் தேடி வரும் முந்தாகா. அங்கே கடலில் கலக்கும் ஆற்றின் கழிமுகமும் அதன் சதுப்பு நிலங்களும் உர்தைபாய் எனப்படும். 1984ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்ற பகுதி அது. கழிமுகத்துக்குக் கிழக்கே எலன்சோபே. மலைச்சரிவில் தொங்குவதுபோல் வீடுகள் அமைந்த ஊர். பேருந்து திரும்ப இடமில்லாததால், சுழலும் மேடை ஒன்றின்மேல் பேருந்தை நிறுத்தி மேடையையே திருப்புகிறார்கள்! இன்னும் கிழக்கே, கடல் வற்றும் வேளையில் மட்டும் நடந்து செல்லக்கூடிய தீவினை எதிரே உடைய லெகெய்த்தியோ. அதற்கப்பால் சுமாயா, கெத்தாரியா.

பட்டியல் இனித்தது. நேரம் இடித்தது. எதையாவது விட்டாக வேண்டும். அப்போதுதான் நான் அந்த வரியைச் சொன்னேன். கெர்னிகா கடற்கரை ஊரே அன்று. கழிமுகத்தின் தலைப்பில் உள்ளே தள்ளி இருக்கிறது. ஊரின் பெரும்பகுதி 1937க்குப் பிறகு கட்டப்பட்டது. பழமையான தெருக்கள் இல்லை. பார்க்கத் தக்கதாகச் சொல்லப்படுவது ஓர் ஓக் மரம். அந்த மரமும் பழைய மரமன்று. 2015இல் நடப்பட்ட இளமரம்! இதற்காக நாற்பது நிமிடத்தை யார் கொடுப்பார்? நண்பர்கள் ஒப்புக்கொண்டார்கள். கெர்னிகா பட்டியலிலிருந்து நீங்கியது.

நிற்க.

மறுநாள் பேருந்துச் சாலையை வரைபடத்தில் சிவப்பு மையால் குறித்துக்கொண்டிருந்தேன். பெர்மியோ, முந்தாகா பக்கத்திலிருந்து லெகெய்த்தியோ பக்கம் போக வேண்டுமானால் இடையிலுள்ள கழிமுகத்தைத் தாண்ட வேண்டும். சாலை எங்கே தாண்டுகிறது? கெர்னிகாவில்! எங்கள் பேருந்து அந்த ஊருக்குள் நுழைந்து, அந்த ஊரைக் கடந்து, நிற்காமல் போகப்போகிறது. பயணிகள் சன்னல் வழியே சில புதுக் கட்டடங்களைப் பார்ப்பார்கள். வழிகாட்டி அடுத்த ஊரின் மீன் உணவைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.

இந்த எண்ணம் சற்றே உறுத்தியது. அந்த ஊரில் இன்றும் திங்கட்கிழமைதோறும் சந்தை கூடுகிறது என்று வேறோர் இடத்தில் படித்திருந்தேன். 1937 ஏப்ரல் 26 என்ன கிழமை என்று பார்த்தேன். திங்கட்கிழமை.

அந்த நாளில் நடந்தது உலகம் அறிந்தது. ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் நடந்த காலம். படைத்தலைவர் பிராங்கோவுக்குத் துணையாக இட்லர் அனுப்பிய காண்டோர் படையின் வானூர்திகளும் இத்தாலியின் வானூர்திகளும் மாலை நான்கரை மணி அளவில் கெர்னிகாவின்மேல் வந்தன. சந்தை நாள். உள்ளூராரோடு பக்கத்துக் குடியானவர்களும் போருக்கு அஞ்சி ஓடிவந்த அகதிகளும் ஊரில் இருந்தார்கள். ஏறத்தாழ மூன்று மணி நேரம் குண்டுகள் விழுந்தன. வெடிகுண்டுகளுக்குப் பின் தீக்குண்டுகள். ஊர் எரிந்தது. இறந்தவர் எத்தனை பேர்? அன்றைய பாஸ்க் அரசு 1,654 என்றது. பிற்கால ஆய்வாளர் பலர் சில நூறு என்கின்றனர். நல்ல வழிகாட்டி இரண்டையும் சொல்வான். எண் குறைந்தால் குற்றம் குறையாது என்பதையும் சேர்த்துச் சொல்வான்.

குண்டு வீசியதைவிட என்னை அதிகம் கலங்கச் செய்தது அதற்குப் பின் நடந்தது. ஜார்ஜ் ஸ்டீர் என்ற செய்தியாளர் எரியும் ஊரை நேரில் கண்டு எழுதினார். ஏப்ரல் 28ஆம் நாள் இலண்டன் ‘டைம்ஸ்’ ஏட்டில் அது வெளிவந்தது. பிராங்கோ தரப்பு என்ன சொன்னது தெரியுமா? அப்படி எதுவும் நடக்கவில்லை; பாஸ்க் மக்களே தங்கள் ஊரைத் தாங்களே கொளுத்திவிட்டுப் பழியைப் பிறர்மேல் போடுகிறார்கள் என்றது! குண்டடிபட்ட ஊரார் அந்த ஆட்சியின்கீழ் அந்தப் பொய்யோடு பல்லாண்டுக் காலம் வாழ வேண்டியிருந்தது. பிக்காசோ அதே ஆண்டில் தீட்டிய ஓவியம் கெர்னிகாவின் பெயரை உலகெங்கும் கொண்டு சென்றது. ஆனால் ஸ்பெயின் மண்ணுக்கு அது 1981இல்தான் வந்து சேர்ந்தது. செருமானியக் குடியரசுத் தலைவர் ரோமன் ஹெர்சோக் தம் நாட்டு விமானிகளின் குற்றத்தை ஒப்புக்கொண்டு செய்தி அனுப்பியது 1997இல். அறுபது ஆண்டுகள்!

நான் பொய் சொல்லவில்லை. ஓர் ஊரைப் பட்டியலிலிருந்து விட்டேன், அவ்வளவே. விடுவதும் பொய் சொல்வதும் ஒன்றல்ல என்பதை அறிவேன். ஆனால் பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை என்று எழுதினேனே, ஏன் ஒன்றுமில்லாமல் போயிற்று என்று கேட்டேனா? பழைய தெருக்கள் இல்லை என்று குறை சொன்னேனே, அவற்றை எரித்தவர் யார் என்று எண்ணினேனா? அழித்தவனின் வேலையை நான் நேரப்பட்டியலில் முடித்துவைக்கப் பார்த்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன்.

குழுவில் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்கள் சொன்னவை பொருளற்றவை அல்ல. எனவே அவற்றை மறைக்காமல் இங்கே தருகிறேன்.

நண்பர் ஒருவர் கேட்டார்: “காசு கொடுத்து வருகிறவன் ஒரு நாள் மகிழ்ச்சியாக இருக்க வருகிறான். அவனை அழவைக்கவா கூட்டிப் போகிறோம்? அவனுக்கு வேண்டியது கஸ்தெலுகாச்சே. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் பார்த்த இடம் அது. அந்தப் படிகளில் நின்று படம் எடுத்துக்கொள்ளத்தான் வருகிறான்.”

உண்மைதான். 2017இல் அந்தத் தொடரில் காட்டப்பட்ட பின் அந்தப் பாறையைத் தேடி வரும் கூட்டம் பெருகியது. நெரிசல் மிகும் காலங்களில் முன்பதிவு செய்துகொண்டே போக வேண்டும் என்ற ஏற்பாடும் உண்டு. ஆனால் தொடரில் பாறையின் உச்சியில் தெரிந்த கோட்டை அங்கே இல்லை. அது கணிப்பொறியில் கட்டிய கோட்டை. இல்லாத கோட்டைக்காக 241 படி ஏறுகிற மனிதனுக்கு, இருந்த கோட்டையைப் பற்றிச் சொன்னால் கேட்கமாட்டானா? அந்தப் பாறையில் இடைக்காலத்தில் மெய்யாகவே ஓர் அரண் இருந்தது. 1334ஆம் ஆண்டில் காஸ்தீல் நாட்டு மன்னன் பதினொன்றாம் அல்போன்சோ படையுடன் வந்தபோது, பிஸ்காயாவின் தலைவன் உவான் நூனியெஸ் தெ லாராவின் ஆட்கள் அங்கே நின்று எதிர்த்தனர். மன்னன் அப்பாறையைக் கைப்பற்ற முடியாமல் திரும்பினான். கற்பனைக் கதையைவிட இது எதில் குறைந்தது?

இந்தக் கதையின் தொடர்ச்சி எங்கே இருக்கிறது? கெர்னிகாவில், அந்த மரத்தடியில்! பிஸ்காயாவின் ஊர்ப் பேராளர்கள் கூடிப் பேசியது அந்த ஓக் மரத்தின்கீழ். பின்னாளில் காஸ்தீல் மன்னர்களே பிஸ்காயாவின் தலைவர்கள் ஆனபோதும், அம்மக்களின் பழஞ்சட்டங்களையும் உரிமைகளையும் காப்போம் என்று அம்மரத்தடிக்கு வந்து உறுதிமொழி கூற வேண்டியிருந்தது. பெர்டினாண்டு மன்னர் 1476இல் அவ்வாறு வந்து நின்றார். ஆட்சி செய்பவன் மக்களிடம் வந்து வாக்குக் கொடுக்கும் இடம் அது. அவ்வுரிமைகள் 1876இல் பறிக்கப்பட்டன. 1936 அக்டோபர் 7ஆம் நாள், போருக்கு நடுவே, முதல் பாஸ்க் அரசின் தலைவராக ஓசே அந்தோனியோ அகிர்ரே பதவியேற்றதும் அம்மரத்தடியில்தான். அடுத்த ஏப்ரலில் குண்டு விழுந்தது. மரம் தப்பியது.

கடலோரப் பாறையும் கழிமுகத்து மரமும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள். முதற் பக்கத்தைக் காட்டிவிட்டு அடுத்த பக்கத்தை ஒட்டிவிடுவது என்ன நேர்மை?

அழகும் வரலாறும் வேறு வேறு என்று எண்ணுவதால்தான் இந்தத் தொல்லை. அந்தக் கடற்கரையில் எந்த அழகு வரலாறு இன்றி நிற்கிறது? பெர்மியோ, லெகெய்த்தியோ, கெத்தாரியா ஆகிய ஊர்களின் சின்னங்களில் திமிங்கிலம் இருக்கிறது. அழகுக்கு வரைந்ததன்று. பாஸ்க் மீனவர்கள் திமிங்கில வேட்டையில் பெயர் பெற்றவர்கள். பதினாறாம் நூற்றாண்டில் அட்லாண்டிக்கைக் கடந்து கனடாவின் லாப்ரடார் கரைவரை சென்று வேட்டையாடினார்கள். பெர்மியோவின் வண்ண வீடுகளைப் பார்த்து வியக்கும் பயணிக்கு, 1912 ஆகஸ்டு மாதப் புயலில் அக்கரையின் மீனவர் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர், அவர்களுள் பெரும்பாலோர் இவ்வூரார் என்பதைச் சொன்னால், அவ்வீடுகளின் சன்னல்கள் ஏன் கடலைப் பார்த்திருக்கின்றன என்பது அவனுக்கு வேறு விதமாகப் புரியும். சுமாயாவின் பாறைகள் புத்தக ஏடுகளை அடுக்கி வைத்தாற்போல் கடலுக்குள் சாய்கின்றன. அவற்றில் 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்த காலத்தின் எல்லைக்கோடும் உண்டு. பேரழிவின் சுவடு என்பதற்காக அந்தப் பாறையை யாராவது பட்டியலிலிருந்து நீக்குகிறோமா? மாறாக, அதைக் காட்டத்தான் அழைத்துப் போகிறோம்! கெத்தாரியாவில் எல்கானோவின் சிலை நிற்கிறது. 1519இல் மெகல்லனுடன் ஐந்து கப்பல்களில் புறப்பட்டவர் ஏறத்தாழ 240 பேர். மெகல்லன் வழியிலேயே கொல்லப்பட்டார். 1522 செப்டம்பர் 6ஆம் நாள் ஒரே கப்பலில், 18 பேருடன் உலகைச் சுற்றித் திரும்பியவர் இந்தக் கெத்தாரியாக்காரர். சிலை அழகுதான். திரும்பாதவர்களையும் எண்ணிப் பார்த்தால்தான் அச்சிலை பேசும்.

இன்னொரு தோழி கேட்ட கேள்வி இதைவிடக் கடினம். “கெர்னிகாவில் நிறுத்தினால் அரசியல் வரும். அரசியல் என்றால் எடா இயக்கத்தின் வெடிகுண்டுகளும் வரும். அப்போது வழிகாட்டி யார் பக்கம் நிற்பான்?”

யார் பக்கமும் நிற்க வேண்டா. உண்மையின் பக்கம் நின்றால் போதும் என்று சொல்வது எளிது. செய்வது அரிது. ஆயினும் செய்யத்தான் வேண்டும். 1959இல் தோன்றிய எடா 800க்கு மேற்பட்டோரைக் கொன்றது. 2011இல் ஆயுதத்தைக் கைவிட்டதாக அறிவித்தது; 2018இல் கலைந்தது. மறுபக்கம், 1980களில் அவ்வியக்கத்தாரை வேட்டையாட மறைமுகக் கொலைக்குழு ஒன்று இயங்கியது. அக்குழு செய்த ஓர் ஆட்கடத்தலுக்காக உள்துறை அமைச்சராய் இருந்தவரே 1998இல் தண்டனை பெற்றார். கெர்னிகாவின் கண்ணீரைச் சொல்கிற வழிகாட்டி இவற்றை விழுங்கினால் அவனும் பாதிக் கதைக்காரனே. தன் துயரத்தை மட்டும் நினைவில் வைக்கிற வரலாறு, வரலாறு அன்று, வழக்குரை.

இன்னும் ஒன்று உண்டு. அதனைக் கண்ணால் காண முடியாது. காதால்தான் கேட்க முடியும். அது அவர்கள் மொழி. எவுஸ்கரா என்பது அதன் பெயர். சுற்றிலும் இலத்தீனின் பிள்ளைகளான ஸ்பானியமும் பிரெஞ்சும் வழங்க, இம்மொழி மட்டும் எந்தக் குடும்பத்தோடும் உறவு நிறுவப்படாமல் தனித்து நிற்கிறது. பாஸ்க் மக்கள் தம்மைச் சுட்டும் ‘எவுஸ்கல்துன்’ என்ற சொல்லுக்கே ‘எவுஸ்கராவை உடையவர்’ என்பதுதான் பொருள். மொழியே முகவரி! பிராங்கோ ஆட்சியில் இம்மொழி பள்ளியிலிருந்தும் பொது வாழ்விலிருந்தும் துரத்தப்பட்டது. ஆனால் அம்மக்கள் ஓய்ந்துவிடவில்லை. 1968இல் அரன்சாசு என்ற ஊரில் கூடி, பல வட்டார வழக்குகளுக்கும் பொதுவான எழுத்து மொழிக்கு அடித்தளம் இட்டார்கள். 1979இல், கெர்னிகாவின் பெயராலேயே வழங்கும் தன்னாட்சிச் சட்டத்தின்படி, அது ஸ்பானியத்தோடு ஆட்சிமொழி ஆயிற்று. 1991இல் அத்தன்னாட்சிப் பகுதியில் வயது வந்தோருள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் பேசிய மொழியை 2021இல் மூன்றில் ஒருவருக்கு மேல் பேசுகின்றனர்.

இம்மொழிக்கும் நமக்கும் ஒரு பழைய சந்திப்பு உண்டு. முத்துக்குளித்துறைக்கு 1542இல் வந்த சவேரியார் ஸ்பானியர் என்றே நாம் கேட்டிருக்கிறோம். அவர் 1506இல் பாஸ்க் நிலமான நவாராவில் பிறந்தவர். நம் கடற்கரை மக்களோடு பேச முடியாமல் தவித்ததைத் தம் கடிதம் ஒன்றில் எழுதும்போது, அவர்கள் மொழி மலபார், தம் மொழி பாஸ்க் என்று காரணம் காட்டுகிறார். மலபார் என்று அன்று ஐரோப்பியர் குறித்தது நம் தமிழைத்தான். உலகம் சுற்றிய அந்த மனிதர் தம் தாய்மொழி இன்னதென்று சொல்ல நேர்ந்தது தமிழின் முன்னால்! இத்தகைய செய்திகள் வழிகாட்டியின் வாயிலிருந்து வந்தால் பயணி மறப்பானா? நன்றி என்பதற்கு ‘எஸ்கெரிக் அஸ்கோ’ என்று சொல்லக் கற்றுக்கொடுத்து, சந்தைக் கிழவியிடம் மிளகாய் வாங்கும்போது சொல்லச் செய்தால், அவள் முகத்தில் மலர்வதைப் பார்த்தாலே பயணச் செலவு ஈடாகிவிடாதா?

முடிவில் எங்கள் திட்டம் இவ்வாறு அமைந்தது. பயண நாள்: திங்கட்கிழமை. காலை எட்டு மணிக்குப் பில்பாவோவிலிருந்து நேரே கெர்னிகா. சந்தையில் அரை மணி. மரத்தடியிலும் பேராளர் மன்றத்திலும் நாற்பது நிமிடம். பிறகு கழிமுகத்தின் ஓரமாகவே முந்தாகா, பெர்மியோ, கஸ்தெலுகாச்சே. மீண்டும் கெர்னிகா வழியாகவே திரும்பி லெகெய்த்தியோ, சுமாயா, கெத்தாரியா. துயரத்தை மாலையில் சொன்னால் பயணி கனத்த மனத்தோடு உறங்கப் போவான். காலையில் சொன்னால், அந்த மக்களை அறிந்துகொண்ட கண்ணோடு அவர்கள் கடலைப் பார்ப்பான். இதுவே எங்கள் வாதம்.

ஒன்றைப் பெற ஒன்றை இழக்க வேண்டுமே! சுழல்மேடைப் பேருந்து நிற்கும் எலன்சோபேயை விட்டோம். அதைக் கண்டுபிடித்துச் சொன்ன நண்பருக்கு இன்றும் என்மேல் வருத்தம். அந்த வருத்தம் நியாயமானதே. ஒரு நாளில் ஒரு நாட்டை அறிந்துவிட முடியாது. எதை விட்டாலும் ஒருவர் நெஞ்சு நோகத்தான் செய்யும். ஆனால் பேருந்து திரும்புகிற அழகைப் பார்க்காதவன் ஒரு வேடிக்கையை இழக்கிறான். அந்த மரத்தைப் பார்க்காதவன் அந்த மக்களையே பார்க்காமல் திரும்புகிறான்.

திட்டத்தைப் படித்த பேராசிரியர் ஒரே கேள்வி கேட்டார். “2015இல் நட்ட மரம் என்கிறீர்கள். அப்படியானால் இது பழைய மரமில்லையே?”

எனக்கு அப்போது விடை தெரிந்திருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் நட்ட மரத்தின் பட்டுப்போன அடிமரம் தூண்கள் தாங்கிய ஒரு மண்டபத்தில் காக்கப்படுகிறது. அதன் வழிவந்த மரம் குண்டுவீச்சைத் தாண்டி நின்று 2004இல் பட்டது. அதன் வித்தில் வந்த கன்றை அங்கே வைத்தார்கள், அது நிலைக்கவில்லை. 2015இல் அதே வழியில் வந்த இன்னொன்றை வைத்தார்கள். ஒவ்வொன்று பட்டபோதும் அதன் வழியில் அடுத்ததை வைத்துக்கொண்டே இருக்கிறார்கள், ஐயா என்றேன்.

நண்பர்களே, நம்மில் சிலர் நாளை வழிகாட்டிகள் ஆகலாம். நம்மில் எல்லாரும் ஒரு நாள் எங்கேனும் பயணிகள் ஆவோம். ஓர் ஊரைக் கடந்து போகும்போது, “இங்கே பார்க்க ஒன்றுமில்லை” என்று யாரேனும் சொன்னால், பேருந்தைச் சற்று நிறுத்தச் சொல்லுங்கள். ஏன் ஒன்றுமில்லை என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

“ஒரு மரம்தானே!” என்று சொன்ன ஒருவனின் வேண்டுகோள் இது.